கரையோரப் பாதையில் இரு சக்கரம்



தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் எழுகின்ற முதல் விண்ணப்பம் பெரும்பாலும் மிதிவண்டியைப் பற்றியதாகவே இருக்கும். "அப்பா, சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயில்வரை போய்வரட்டுமா?" என்று பிள்ளை கேட்கிறான். தந்தை பதில் சொல்லும் முன்னரே, "வேண்டாம், ரோட்டில் லாரி வரும்" என்று சமையலறையிலிருந்து தாயின் குரல் எழுகிறது. பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. வண்டி திண்ணையோரத்தில் சாய்ந்து நிற்க, சில மாதங்களில் அதன் சங்கிலியில் துரு ஏறிவிடுகிறது.

அந்தத் தாயின் அச்சம் வீண் அச்சமன்று. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டுகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 460 பேர்! புதுவையிலிருந்து வில்லியனூர் வழியே விழுப்புரம் செல்லும் சாலையிலும், கிருமாம்பாக்கம் வழியே கடலூர் செல்லும் சாலையிலும் காலை வேளையில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு, அங்கே ஒரு சிறுமியைத் தனியே மிதிவண்டியில் அனுப்பத் துணிவு பிறக்காது.

ஆயினும், அச்சத்தால் நாம் செலுத்தும் விலை ஒன்று உண்டு. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வொன்று, புதுச்சேரியில் வயது வந்தோருள் 100-க்கு 26 பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கண்டது. நாட்டிலேயே கோவாவிற்கு அடுத்த இடம் நமக்கு. உணவும் உழைப்பும் மாறிப்போனதன் விளைவு இது என்பதை நாம் அறிவோம். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமேனும் உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை. நம் பிள்ளைகளோ அரை மைல் தொலைவிலுள்ள மறைக்கல்வி வகுப்பிற்கும் தந்தையின் மோட்டார் வண்டியின் பின்னே அமர்ந்து செல்கிறார்கள். வீட்டிலேயே வைத்திருந்தால் நோய். வெளியே அனுப்பினால் விபத்து. இவ்விரண்டிற்கும் நடுவே வேறு வழியே இல்லையா?

வழி உண்டு. அதைப் பற்றியே இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியை முதலில் நினைத்துப் பார்ப்போம். அங்கே மலைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்குகளில் ரோன், இன், அதிஜே முதலிய ஆறுகள் ஓடுகின்றன. பெருவெள்ளத்திற்கு அஞ்சிய அந்நாட்டார், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், இவ்வாறுகளுக்கு உயர்ந்த கரைகளை எழுப்பினர். கரையைப் பார்வையிடவும் பழுது பார்க்கவும் பணியாளர் செல்வதற்காக அவற்றின்மீதும் அருகிலும் மண்ணும் சரளைக்கல்லும் பரப்பிய பாதைகள் அமைந்தன. பிற்காலத்தில் இப்பாதைகளுள் பலவற்றை மிதிவண்டிக்கும் நடையாளர்க்கும் திறந்துவிட்டு, மோட்டார் வண்டிகள் நுழையாவண்ணம் தடுத்தார்கள். உழவர் தம் வயலுக்குச் செல்ல மட்டும் விலக்கு அளிக்கப்படுவதுண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரிலிருந்து இத்தாலியின் கடற்கரை ஊராகிய கிராதோ வரை செல்லும் நெடிய மிதிவண்டிப் பாதையொன்று, இத்தாலியப் பகுதியில் கைவிடப்பட்ட பழைய இரயில் தடத்தின்மீதே சில இடங்களில் அமைந்துள்ளது. சிறுவரும் முதியோரும் லாரியின் ஒலி கேளாது அவ்வழியே செல்கின்றனர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் இப்பாதைகளுக்கென எங்கும் புதிதாக நிலத்தை வெட்டிக்கொண்டிருக்கவில்லை. நீருக்காகவும் இரயிலுக்காகவும் முன்னோர் அமைத்து வைத்த கரையையும் தடத்தையும் பெரும்பாலும் பயன்படுத்திக்கொண்டார்கள். அத்தகைய கரைகள் நம்மிடம் இல்லையா?

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. இவற்றுள் மிகப் பெரியது வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரி. ஏறக்குறைய 800 ஹெக்டேர் பரப்புடைய இந்த ஏரியைப் புதுவையும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. சங்கராபரணியாற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதனை வந்தடைகிறது. அதற்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையின் குறுக்கே சொர்ணாவூரில் உள்ள அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்கு நீர் வருகிறது. இந்த இரு பெரும் ஏரிகளுக்கும் இடையே சிற்றேரிகளும், தாங்கல்களும், அவற்றை இணைக்கும் வாய்க்கால்களும் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. ஏரி உள்ள இடத்தில் கரை உண்டு. வாய்க்கால் உள்ள இடத்திலும் கரை உண்டு. கரையின்மேல் ஒரு பாதை உண்டு. மதகைத் திறக்கச் செல்பவரும், மாடு ஓட்டிச் செல்பவரும், நாற்றுக்கட்டு சுமந்து செல்லும் பெண்களும் காலங்காலமாக மிதித்து உருவாக்கிய பாதை அது.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம் பகுதியில் ஏரிகளைப் பேணுவதற்கென உழவர் சங்கங்கள் இயங்கி வந்தன. பின்னாளில் அவை நலிந்து, ஏரிகள் தூர்ந்துபோயின. 1999-ஆம் ஆண்டு தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன் ஏரிப் புனரமைப்புத் திட்டம் ஒன்று நடைபெற்றது. ஏரிகள் தூர் வாரப்பட்டன, கரைகள் பலப்படுத்தப்பட்டன. நீருக்காகச் செய்யப்பட்ட இப்பணியால் பல ஊர்களில் கரைப்பாதையும் சீரடைந்தது.

கரைகளைத் தவிர வேறு வழிகளும் உள்ளன. ஊருக்கும் ஊருக்கும் இடையே கரும்பு வண்டியும் நெல் வண்டியும் சென்ற செம்மண் தடங்கள் இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பாகூர்ப் பக்கம் இவ்வழிகளில் செல்பவர் சிறிது தூரம் புதுவை மண்ணிலும், சிறிது தூரம் தமிழ்நாட்டு மண்ணிலும், மீண்டும் புதுவை மண்ணிலுமாகப் போய்க்கொண்டிருப்பார். அரசுகள் வரைந்த எல்லைக்கோட்டை வண்டித்தடம் அறிவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கனின் கொடையால் கல்விச்சாலை நடைபெற்ற ஊர் பாகூர் என்பதை அவ்வூரிலே கிடைத்த செப்பேடு சொல்கிறது. அந்நாளில் அங்குக் கற்க வந்தவர்க்குத் தார்ச்சாலை ஏது?

நம் திருச்சபையின் நினைவிலும் இத்தகைய எளிய பாதைகளுக்குத் தனி இடம் உண்டு. 1858-ஆம் ஆண்டு பெப்ருவரி 11-ஆம் நாள் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி அரசர் செல்லும் வீதியிலா அன்னையைக் கண்டாள்? வீட்டில் அடுப்பெரிக்க விறகில்லாமையால் சுள்ளி பொறுக்க ஆற்றங்கரையோரம் சென்றபோது அன்றோ கண்டாள்! அந்த லூர்து அன்னைக்கு, காட்சி நிகழ்ந்து இருபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே, வில்லியனூரில் திருத்தலம் எழுந்தது நம் மண் பெற்ற பேறு. உயிர்த்த ஆண்டவர் தம் சீடர் இருவரோடு வழிநடந்து பேசியதும் எருசலேமிலிருந்து எம்மாவு செல்லும் வழியில்தான். லூக்கா குறிப்பிடும் அத்தொலைவு இன்றைய அளவில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். புதுவை நகரிலிருந்து வில்லியனூருக்கு உள்ள தொலைவும் அதை ஒட்டியதே. ஓசையற்ற வழியிலேதான் உள்ளம் திறந்து பேச முடியும். இரைச்சல் மிகுந்த நெடுஞ்சாலையில் மோட்டார் வண்டியின் முன்னும் பின்னும் அமர்ந்து செல்லும் தந்தையும் மகனும் என்ன பேசிக்கொள்ள இயலும்?

மிதிவண்டியையும் திருச்சபை அந்நியமாகக் கருதியதில்லை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், இத்தாலியின் கோமோ ஏரிக்கு அருகே, கிசால்லோ என்னும் குன்றின்மேல் தேவதாயின் சிற்றாலயம் ஒன்று உள்ளது. மிதிவண்டியில் அம்மேட்டை ஏறி வருவோர் அங்கே இளைப்பாறிச் செபிப்பது வழக்கமாயிற்று. 1948-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்றிக் கொடுத்த தீபத்தை உரோமையிலிருந்து மிதிவண்டி வீரர்கள் அங்குக் கொண்டு சேர்த்தார்கள். மறு ஆண்டில் அத்திருத்தந்தை கிசால்லோ அன்னையை மிதிவண்டியோட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். பிரான்சின் தென்மேற்கே லபஸ்தீத் தார்மஞாக் என்னும் ஊரிலும், 1959-ஆம் ஆண்டு முதல் மிதிவண்டியாளரின் அன்னைக்கென ஓர் ஆலயம் உண்டு. நம் நாட்டிலோ பங்குக் குருக்களும் உபதேசிமாரும் மிதிவண்டியிலே கிளைக் கிராமங்களைச் சுற்றி வந்து, நோயாளிகளுக்கு நன்மை கொடுத்து, ஞானோபதேசம் சொன்ன காலத்தை முதியோர் பலர் இன்றும் நினைவு கூர்வர். அவர்கள் சென்றவை பெரும்பாலும் ஏரிக்கரையும் வரப்போரமும் அல்லவா?

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கல்லுடைக்கும் தொழிலாளரும், வயல் வேலை செய்வோரும், பாலர் பள்ளி ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டனர். பேருந்தை எதிர்பார்த்து நிற்காமல், யாருடைய துணையையும் நாடாமல், தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு சென்றனர். ஆண் துணையின்றி வெளியே செல்ல ஒரு பெண்ணுக்குக் கிடைத்த விடுதலையாகவே அவர்கள் அதைக் கருதினர். நம் பங்குகளில் மாதர் சங்கத்தாரும் இளம் பெண்களும் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று. சாலை நெரிசலுக்கு அஞ்சி ஓட்டக் கற்காதிருப்பவர்க்கு, ஊர் ஓரத்து மண்பாதையை விடச் சிறந்த பயிற்சிக்களம் கிடையாது.

இனி, நடைமுறைக்கு வருவோம். மண்பாதையில் ஓட்டுவதற்கு விலையுயர்ந்த புது வண்டி வேண்டுவதில்லை. நம் ஊர்களில் பல்லாண்டுகளாக வழங்கிவரும் 28 அங்குலச் சக்கர வண்டியே போதும். தார்ச்சாலையில் ஓடுவதற்கு அடிக்கும் அளவைவிடச் சற்றுக் குறைவாகக் காற்று அடித்தால் சக்கரம் சரளைக்கல்லைப் பற்றிக்கொள்ளும், குலுக்கலும் குறையும். சரளையில் முன்சக்கரத்துப் பிரேக்கை மட்டும் திடீரெனப் பிடித்தால் வண்டி சறுக்கும். ஆகவே பின்சக்கரத்தை முதலில் பிடித்து, வேகத்தைக் குறைத்த பிறகே வளைவில் திரும்ப வேண்டும். மணல் திட்டு எதிர்ப்பட்டால் கைப்பிடியை ஆட்டாமல் நேராகச் செல்க. மேடுபள்ளத்தில் இருக்கையிலிருந்து சற்றே எழுந்து மிதிகட்டையின்மீது நின்றால் முதுகு பிழைக்கும்.

கரைப்பாதையில் வண்டிக்குப் பெரும் பகை சீமைக் கருவேல முள். பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கைப்பம்பும் உடன் இருக்கட்டும். குடிநீர் மறவாதீர். அதிகாலையோ மாலையோ புறப்படுக. வெயில் ஏறினால் கரைமேல் நிழல் குறைவு. விளக்கில்லாமல் பொழுது சாய்ந்த பின் செல்லலாகாது. புதரோரத்தில் பாம்பு இருக்கும் என்பதைக் கிராமத்தாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடுகளும் தலைச்சுமைக்காரரும் எதிரே வந்தால் இறங்கி வழிவிடுவதே பண்பு. பாதை முதலில் அவர்களுடையது.

ஊசுட்டேரி 2008-ஆம் ஆண்டில் புதுவை அரசால் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் நாமக்கோழிகள் கூட்டங்கூட்டமாக நீந்துவதையும், கூழைக்கடாக்கள் இறங்குவதையும் அங்கே காணலாம். அவ்விடத்தில் வனத்துறையின் விதிகளை மதித்து நடப்பதும், கூச்சலிடாதிருப்பதும், உணவுப் பொட்டலங்களை வீசாதிருப்பதும் நம் கடமை.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்றை மறத்தலாகாது. ஏரிக்கரை முதலில் நீருக்காக உள்ளது. நம் உலாவிற்காக அன்று. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் புதுவை அருகே கரை கடந்த பெஞ்சல் புயலின்போது, நகரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாள்களில் சாத்தனூர் அணையின் நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுக்க, பாகூர்ப் பகுதியின் ஊர்கள் வெள்ளத்தில் தவித்தன. கரையின் அருமை அப்போது தெரிந்தது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மண் நனைந்து ஊறியிருக்கும் வேளையில், கரைமீது எந்த வண்டியும் செல்லாதிருப்பதே அறிவுடைமை. கோடையிலும் டிப்பர் லாரியும் டிராக்டரும் கரைமீது ஓடினால் ஆழ்ந்த தடம் விழும், மழையில் அத்தடத்தில் நீர் தேங்கி உள்ளிறங்கும், கரை இளகும். உலர்ந்த கரையில் செல்லும் மிதிவண்டியோ மனிதக் காலடிக்கு மேல் பெருந்தீங்கு செய்வதில்லை. எனவே கரைப்பாதையைக் கன வண்டிகளிடமிருந்து காப்பது பிள்ளைகளையும் காக்கும், ஏரியையும் காக்கும்.

இதனாலேயே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியுள்ளது. "எங்கள் ஊர்க் கரைக்கும் தார் போட்டுத் தாருங்கள்" என்று கேட்பது நம்மவர் வழக்கம். ஊர்மக்கள் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்ல நல்ல சாலை வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் வேறு சாலை உள்ள இடத்தில் கரைப்பாதைக்கும் தார் இட்டால் நடப்பது என்ன? நெடுஞ்சாலையின் நெரிசலிலிருந்து தப்ப விரும்பும் கார்கள் அடுத்த நாளே அங்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு எஞ்சியிருந்த ஒரு வழியும் அடைபட்டுவிடும். நமக்கு அண்மையிலுள்ள ஆரோவில் நகரத்தார், மரங்களுக்கிடையே செம்மண்ணாலேயே மிதிவண்டித் தடங்களை அமைத்து, அவற்றில் மோட்டார் வண்டிகள் செல்லாதவாறு பேணி வருகின்றனர். கண்ணெதிரே உள்ள அந்த முன்மாதிரியைப் பின்பற்ற நம் கொம்யூன்களுக்குப் பெருஞ்செலவு பிடிக்காது. கரை தொடங்கும் இடத்தில் உழவர் விலக்கித் திறக்கக்கூடிய ஒரு தடுப்புக் கம்பம், வழி காட்டும் ஒரு பலகை, ஆண்டுக்கொரு முறை முள் வெட்டும் பணி. இவை போதும். பொதுப்பணித் துறையும் கொம்யூன் பஞ்சாயத்தும் மனம் வைத்தால் ஆகிற காரியமே.

அவர்கள் மனம் வைக்க, நாம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் நாம் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் இயக்கத்தார் தம் ஊரிலிருந்து ஆலயத்திற்கும், பள்ளிக்கும், அடுத்த ஊர்ச் சிற்றாலயத்திற்கும் நெடுஞ்சாலையைத் தொடாமலோ, ஒரே ஒரு முறை மட்டும் கடந்தோ செல்லக்கூடிய வழிகளைத் தேடிக் கண்டு, ஒரு தாளில் வரைந்து பங்கு அலுவலகத்தில் ஒட்டி வைக்கலாம். வழி தெரிந்த பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் ஆவலோடு சொல்வார்கள். நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய அந்த ஓரிடத்தில், ஞாயிறு காலையில் இரண்டு தன்னார்வத் தொண்டர்கள் நின்றால் மறைக்கல்விக்கு வரும் சிறுவர் அச்சமின்றிக் கடப்பர். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தந்தையர் தம் பிள்ளைகளுடன் வில்லியனூர் அன்னையின் திருத்தலத்திற்கு மிதிவண்டித் திருப்பயணம் மேற்கொள்ளலாம். ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்தும் மிதிவண்டியிலும் செல்லும் அடியார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் படும் இன்னலை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அவர்களுக்கும் நம் எல்லைக்குள்ளேனும் ஓர் உள்வழி காட்ட இயலுமானால், அது தாகத்திற்குத் தண்ணீர் கொடுப்பதற்கு ஒப்பான தொண்டு.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-ஆம் ஆண்டில் எழுதிய 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில், ஓரிருவரை மட்டும் சுமந்து செல்லும் எண்ணற்ற கார்களால் நகரங்கள் நெரிசலிலும் மாசிலும் மூச்சுத் திணறுவதைச் சுட்டிக்காட்டி வருந்தினார். ஐக்கிய நாடுகள் அவை ஜூன் 3-ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக 2018-ஆம் ஆண்டில் அறிவித்தது. அந்நாளில் ஊர்வலம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், ஒரு கரையையேனும் முள் நீக்கி வழியாக்கினால் அதுவே உண்மையான கொண்டாட்டம்.

பெற்றோர்களே! "ரோட்டில் லாரி வரும்" என்று பிள்ளையைத் தடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் லாரி வராத வழியைத் தேடிக் கொடுக்கும் கடமையும் உங்களுக்கே உண்டு. வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும், துரு ஏறிய அந்தச் சங்கிலிக்குச் சிறிது எண்ணெய் விடுங்கள். பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம். முதல் முறை நீங்களும் உடன் செல்லுங்கள். மதகு எங்கே, கலிங்கல் எங்கே, நீர் எங்கிருந்து வந்து யாருடைய வயலுக்குப் போகிறது என்று காட்டிக்கொண்டே செல்லுங்கள். தன் ஊரின் கரையை அறிந்த பிள்ளை, நாளை அக்கரை உடையும்போது மண்வெட்டியோடு முதலில் ஓடி வருவான்.